கோவில் கதவு சாத்தியிருந்த நாட்களில்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பழைய மாணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் தலைமையாசிரியர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, நீங்கள் நம் பள்ளியில் படித்தவர், வாத்தியாராகவும் இருந்தவர். பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். "எதைப் பற்றிப் பேசட்டும்?" என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள். தெரியாததைப் பேசுவதற்கு வேறு ஆள் நிறைய இருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆகையால் என் வீட்டில் நடந்ததையும், என் பாட்டிமார் வாயால் கேட்டதையும், கொஞ்சம் சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நான் கத்தோலிக்கக் கிறிஸ்தவன். மதப் பிரசாரம் செய்ய நான் வரவில்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று நடந்ததல்லவா? 2020 மார்ச் 18-ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளி மூடினார்கள், கடை மூடினார்கள். மசூதி, கோயில், தேவாலயம் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு. 2021 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி இல்லை. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த நான் அப்படி ஒரு தைப்பூசத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கே மனது என்னவோ போலிருந்தது என்றால், வருஷா வருஷம் விரதம் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கும்பிடப் போக இடம் இல்லாவிட்டால் மனிதன் என்ன செய்வான்? நம்பிக்கையை எங்கே வைத்துக் காப்பாற்றுவான்? இதுதான் இன்று என் பேச்சு. இந்தக் கேள்வி நமக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. முதலில் அவர்களைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். நல்லது. 1658-ல் அந்த ஊரை டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தாம், ஆனால் வேறு பிரிவு. கத்தோலிக்கச் சாமியார்கள் ஒருவரும் இருக்கக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். கோவில்களை எடுத்துக்கொண்டார்கள். சாமியாருக்கு இடம் கொடுத்தால் தண்டனை. அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள் என்ன செய்தார்கள்? மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போயின. அந்தக் காட்டு இடம்தான் இன்று லட்சக்கணக்கானவர்கள் போகும் மடு. மற்றவர்கள் ஊரிலேயே இருந்துகொண்டு, வீட்டுக்குள் குரல் தாழ்த்திச் செபம் சொன்னார்கள். இப்படி ஒரு வருஷம், இரண்டு வருஷம் போகவில்லை. ஏறக்குறைய முப்பது வருஷம் போயிற்று.

1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற சாமியார் கூலியாள் வேஷத்தில் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் தலை போய்விடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ, அது நம் வீடு என்று கண்டுகொண்டார். சில்லாலை என்ற கிராமம் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றியது. அவருக்குத் தாய்மொழி கொங்கணி. தமிழ் படித்துக்கொண்டார், பிறகு சிங்களமும் படித்தார். கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697-ல் கண்டியில் அம்மை நோய் பரவி, மனிதர்கள் சொந்தக்காரரையே விட்டுவிட்டு ஓடியபோது, அவர் நின்று நோயாளிகளைக் கழுவித் துடைத்துக் கஞ்சி கொடுத்தார். 2015 ஜனவரி 14-ந் தேதி கொழும்பில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

இதில் நான் வியப்பது சாமியாரைப் பற்றி மட்டும் இல்லை. அவர் வந்து பார்த்தபோது அங்கே விசுவாசிகள் இருந்தார்களே, அதுதான் ஆச்சரியம். அந்த முப்பது வருஷமும் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்தது யார்? தாய்மார்களும் பாட்டிமார்களும்தாம்.

இனி நம் பினாங்குக்கு வருகிறேன். இங்கே குருமடம் ஒன்று உண்டு, இன்று தஞ்சோங் பூங்காவில் இருக்கிறது. அது பினாங்குக்கு வந்தது 1808-ல். ஆசியாவின் பல நாட்டுப் பிள்ளைகளும் சாமியார் படிப்புக்கு இங்கேதான் வருவார்கள். அங்கே வாத்தியாராக இருந்தவர்களில் ஒருவர் ழாக் சாஸ்தான் என்ற பிரெஞ்சுக்காரர். கொரியாவுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. கொரியாவில் கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது என்பது வேடிக்கையான கதை. படித்தவர்கள் சிலர் புத்தகம் வழியாகக் கேள்விப்பட்டு, 1784-ல் தங்களில் ஒருவரைப் பெய்ஜிங்குக்கு அனுப்பி ஞானஸ்நானம் பெற்று வரச் செய்தார்கள். அவர் திரும்பி வந்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். சாமியார் இல்லாமலே சபை பிறந்தது! பதினோரு வருஷம் கழித்துத்தான் ஒரு சாமியார் வந்தார். 1801-ல் அவரையும் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் யாரும் இல்லை. அந்த மக்கள் மலையில் ஒளிந்து, மண்பானை செய்து விற்றுப் பிழைத்து, செபத்தை விடாமல் காத்தார்கள். நம் பினாங்கு வாத்தியார் சாஸ்தான் 1837 தொடக்கத்தில் அந்த நாட்டுக்குள் இரகசியமாக நுழைந்தார். 1839 செப்டம்பரில் தலையைக் கொடுத்தார். 1984-ல் அவரும் புனிதரானார். நாம் கடலோரக் காற்று வாங்கப் போகும் இந்தத் தீவில் நடந்து திரிந்த மனிதர் அவர் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்தது ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர் 11-ந் தேதி பினாங்கு நகரத்தில் குண்டு விழுந்தது. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனங்கள் செத்தார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொறுப்பில்லாமல் கிடந்த ஊருக்கு வெள்ளைக்கொடி ஏற்றியவர் சரவணமுத்து என்ற தமிழர், பத்திரிகை ஆசிரியர். பார்க்குவார் தெருவில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் தெரியுமல்லவா, 1818-ல் கட்டி முடித்தது? குண்டிலும் கொள்ளையிலும் அது பாழாயிற்று. திரும்ப அங்கே ஆராதனை நடந்தது 1948-ல்தான். சிங்கப்பூரில் ஆங்கிலிக்கன் மேற்றிராணியாரை ஜப்பான்காரர்கள் 1943-ல் சிறையில் அடைத்தபோது, அங்கே சபையை நடத்தும் பொறுப்பு ஒரு தமிழர் தோளில் விழுந்தது. டாக்டர் டி. டி. செல்லையா என்ற பள்ளிக்கூட வாத்தியார் அவர். வாத்தியார்களை லேசாக நினைக்காதீர்கள் பிள்ளைகளே!

எங்கள் குடும்பம் அப்போது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. 1943-ல் என் தாத்தாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து அப்படிப் போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் போனவர்களில் கணக்கில்லாதவர்கள் அங்கேயே மண்ணாய்ப் போனார்கள். லாரி ஏறும்போது என் அப்பாயி தன் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றித் தாத்தா கையில் கொடுத்ததாம். அந்த மாலை திரும்பி வரவில்லை. தாத்தாவும் வரவில்லை.

அந்த நாளில் எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் வருவதும் நின்றுபோயிற்று. வண்டி இல்லை, பாதை பயம், எல்லாருக்கும் வயிற்றுப்பாடு. மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் வாழ்ந்த காலம். அப்பாயி என்ன செய்தது? பத்து ரப்பர் கொட்டையை எடுத்தது. இரண்டு சிரட்டையை வைத்தது. ஒரு அருள் நிறை மந்திரம் சொன்னால் ஒரு கொட்டையை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்குப் போடும். பத்து முடிந்தால் திரும்பவும் இப்படி. ஐந்து தடவை சுற்றினால் ஒரு செபமாலை. லயத்துப் பிள்ளைகள் சுற்றி உட்காருவார்களாம். அவர்களில் ஒருவர் என் அப்பா, அப்போது பத்து வயசு. "ஏன் ஆத்தா, நாம சொல்றது சாமிக்குக் கேக்குமா? கோவில்ல சொன்னாத்தானே கேக்கும்?" என்று அப்பா கேட்டாராம். அதற்கு அப்பாயி, "உங்கப்பன் சயாம்ல எந்தக் கோவில்ல நின்னு சொல்லுறாரு? அவருக்குக் கேக்குதுன்னா நமக்கும் கேக்கும்" என்றதாம்.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மந்திரங்கள் எல்லாம் மனப்பாடம், எல்லாம் தமிழில். புத்தகம் தொலைந்தாலும், மாலை போனாலும், வாயில் இருந்த தமிழ் போகவில்லை. இன்று மனனப் போட்டியில் பரிசு வாங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மனப்பாடம் செய்தது வீண் போகாது. கையில் எதுவும் இல்லாத நாளில் அதுதான் துணைக்கு வரும்.

சண்டை முடிந்தது என்றால் அவசரகாலம் வந்தது, 1948 முதல் 1960 வரை. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோவில் இருந்த பக்கம் கறுப்புப் பகுதி ஆயிற்று. சனங்கள் அந்தக் கோவிலுக்குப் போக முடியாமல் வேறிடத்தில் கூட வேண்டியதாயிற்று. இன்று அதே அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேலே கூட்டம். தமிழர், சீனர், யுரேசியர், வெளிநாட்டார், அதோடு இந்துக்களும் மெழுகுவர்த்தி பிடித்து நடக்கிறார்கள். ஆகக் கோவில் மூடுவதும் திறப்பதும் நமக்குப் புதிதில்லை.

2019 ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கையில் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்ததே, நினைவிருக்கிறதா? அடுத்த ஞாயிறு கோவில் திறக்கவில்லை. கர்தினால் தன் சிற்றாலயத்தில் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சனங்கள் வீட்டில் அழுதுகொண்டே பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்குள் உலகம் முழுவதுமே அப்படி ஆகும் என்று யார் நினைத்தார்கள்? 2020 மார்ச் 27-ந் தேதி மாலை, மழையில் நனைந்த வத்திக்கான் சதுக்கத்தில் ஒரு ஆளும் இல்லாமல் போப்பாண்டவர் தனியாக நின்று உலகத்துக்காகச் செபித்ததை நானும் பார்த்தேன்.

இப்போது என் கதை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

முப்பது வருஷம் நான் கோவிலில் வாசகம் வாசித்தவன். ஞாயிறு தவறினது கிடையாது. கதவு சாத்தியதும் எனக்குக் கை ஒடிந்தது போலாயிற்று. முதல் இரண்டு வாரம் மகன் கைப்பேசியில் பூசை போட்டுக் காட்டினான். சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் பனியனோடு உட்கார்ந்தேன். நான்காவது வாரம் பூசை ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி குடித்தேன். பிறகு உட்காருவதையே விட்டுவிட்டேன். மே மாதம் ஈப்போவில் என் தங்கை மாரடைப்பில் போய்விட்டாள். பயண அனுமதி எடுத்து நான் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்றார்கள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லை. கைப்பேசியில் பார்த்தேன், படம் நடுவில் நின்று நின்று போயிற்று. அன்றைக்கு "இனி எனக்குச் செபமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு என் பேரன் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய மைலோ டின்னை எடுத்து வந்தான். "தாத்தா, இது என்னா கொட்டை?" என்றான். அப்பாயியின் பத்து ரப்பர் கொட்டை! அப்பா காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்தது, நானே மறந்துபோயிருந்தேன். விவரம் சொன்னேன். "அப்ப வாங்க, நாம சொல்லுவோம்" என்று இரண்டு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தான். எனக்குச் சொல்ல வரவில்லை, தொண்டை அடைத்தது. அவன்தான் சொன்னான். நான் கொட்டையை மட்டும் தள்ளி வைத்தேன். அன்றைக்கு என் செபம் அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி. எதிர் வீட்டு அம்மா மாரியம்மன் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகிறவர். அவரும் அதே ஏழு மணிக்கு விளக்கு வைப்பார். ஒரு நாள் தாழ்வாரத்தில் தூர நின்று, "வாத்தியாரையா, உங்க வீட்டுச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு விளக்கு வைக்கிற நேரம் தெரியுது" என்றார். "எனக்கு உங்க மணிச் சத்தம்" என்றேன். கீழ் மாடியில் மலாய்க்காரர் வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் வரிசையாக நின்று தொழுவார்கள். ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகவில்லை. ஆனாலும் எங்கள் மாடி அந்த நேரத்தில் தனியாக இல்லை.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரு கிழவி, எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர். கோவிலில் எனக்கு முன் வரிசையில்தான் உட்காருவார். ஜூன் மாதம் திடீரென்று அவர் நினைப்பு வந்து போன் செய்தேன். பட்டன் போன்தான் அவரிடம் இருந்தது. கைப்பேசிப் பூசை என்று ஒன்று நடப்பதே அவருக்குத் தெரியாது. "மூணு மாசமா யாரும் கூப்பிடலைய்யா. சாமியே என்னைய விட்டுருச்சுன்னு நெனச்சேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பூசையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவன். அவர் பூசையே இல்லாமல் இருந்தவர். கோவிலில் கூடியிருந்தால் அந்த இடம் காலியாக இருப்பது என் கண்ணில் பட்டிருக்கும். கூடாத நாளில் காலியான இடத்தை நாமாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அதை நான் செய்யவில்லை.

அன்று முதல் ஞாயிறு எட்டு மணிக்குப் போன் செய்து, அந்த வாரத்துச் சுவிசேஷத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மெதுவாக, இரண்டு தடவை. கேட்டுவிட்டு அவர் ஒரு பாட்டுப் பாடுவார், குரல் நடுங்கும். நான் வாசகம் வாசித்த முப்பது வருஷத்தில் அவ்வளவு கவனமாக வாசித்தது கிடையாது. இடையில் கோவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோதும், வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் வர வேண்டாம் என்றார்கள். அவர் காத்திருந்தார். 2022 ஏப்ரல் முதல் தேதி கட்டுப்பாடு தளர்ந்தது. அந்த மாதம் 17-ந் தேதி ஈஸ்டர். என் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கோவில் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசை முழுவதும் அவர் ஒன்றும் பாடவில்லை, சுற்றிச் சுற்றி ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. வீட்டுச் செபம் கோவிலுக்கு மாற்று ஆகாது. கூடுவது மனிதனுக்கு வேண்டும். சாப்பாட்டைப் படத்தில் பார்த்து வயிறு நிறையாது. கைப்பேசியே போதும் என்று இன்னும் திரும்பி வராதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, போன் செய்து கூப்பிடுகிறேன். அதே சமயம், வீட்டில் செபம் இல்லாமல் கோவிலை மட்டும் நம்பி இருந்தவன் கதி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

பிள்ளைகளே, யாழ்ப்பாணத்துத் தாய்மாரும், கொரியா மலைவாசிகளும், என் அப்பாயியும் செய்தது மூன்றே காரியம். ஒன்று, நேரம் தவறவில்லை. ஏழு மணி என்றால் ஏழு மணி, மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு, முக்கியமானதை மனசில் எழுதி வைத்துக்கொண்டார்கள், அதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். மூன்று, பக்கத்தில் யார் இல்லை என்று தேடினார்கள். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இந்த மூன்றும் உதவும். படிப்புக்கும் உதவும்.

இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கும்போது, உங்கள் வகுப்பில் இன்று வராத பிள்ளை யார் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் போனதும் அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் செய்யுங்கள். பரிசு யார் யாருக்குக் கிடைத்தது என்று சொல்லுங்கள். அதுவே எனக்கு நீங்கள் தரும் பரிசு.

என்னைப் படிக்க வைத்து, பிறகு படிப்பிக்கவும் வைத்த இந்தப் பள்ளிக்கூடம் நீடூழி வாழ்க!